மை லாயும் அபு கிரைப்பும்: வெளியே சொன்ன சிப்பாய் துரோகியா? உங்கள் அனுபவம்?

ஒஹாயோவிலிருந்து:

2004 தேர்தல் சமயம். எங்கள் தெருவில் ஒரு பெரியவர், வியட்நாமில் லாரி ஓட்டியவர். அதிபர் வேட்பாளரும் வியட்நாமில் போரிட்டுத் திரும்பியவருமான ஜான் கெர்ரியின் பெயரைக் கேட்டாலே அவருக்கு முகம் சிவந்துவிடும். 1971 ஏப்ரலில் செனட் குழு முன் உட்கார்ந்து அமெரிக்க வீரர்களின் அட்டூழியங்களைப் பற்றிக் கெர்ரி பேசியதை அவர் மன்னிக்கவே இல்லை. "நான் யாரையும் சுடவில்லை. ஆனால் ஊர் என்னையும் கொலைகாரனாகத்தான் பார்த்தது" என்பார். அந்த வலி நிஜம்தான், மறுக்க மாட்டேன்.

"சரி, ஹியூ தாம்ஸன்?" என்று கேட்டேன். சட்டென்று பதில் வந்தது: "அவர் வேறு. உள்ளேயே, மேலதிகாரியிடம் சொன்னவர்."

இங்கேதான் எனக்கு இடிக்கிறது. 1968 மார்ச் 16 அன்று வியட்நாமின் மை லாய் கிராமத்தில் அமெரிக்கப் படை நிராயுதபாணி மக்களைக் கொன்றுகொண்டிருந்தபோது, ராணுவ ஹெலிகாப்டர் விமானி தாம்ஸன் தன் ஹெலிகாப்டரை ஊர்மக்களுக்கும் சொந்தப் படைக்கும் நடுவில் இறக்கினார். நம்மவர்கள் இவர்களைச் சுட்டால் திருப்பிச் சுடுங்கள் என்று தன் ஆட்களிடம் சொன்னார். முகாமுக்குத் திரும்பியதும் புகார் செய்தார், கொலையை நிறுத்த உத்தரவும் போனது. அப்புறம் என்ன நடந்தது? சுமார் 20 பேர் தவறுதலாக இறந்தார்கள் என்று அறிக்கை எழுதி மூடிவிட்டார்கள். வியட்நாம் தரப்புக் கணக்கு 504 பேர். சக வீரர்களிடம் கேட்டறிந்த ரான் ரைடன்ஹவர் என்ற வீரர் 1969 மார்ச்சில் அரசுக்கும் காங்கிரஸ் உறுப்பினர்களுக்கும் கடிதம் எழுதிய பிறகுதான் விசாரணையே தொடங்கியது. பத்திரிகையில் வந்தது அந்த நவம்பரில்.

ஆக, 'உள்ளே சொல்' என்ற விதியைத் தாம்ஸன் அட்சரம் பிசகாமல் பின்பற்றியவர். அவருக்கே கொலை மிரட்டல் வந்தது, வீட்டு வாசலில் செத்த விலங்குகளைப் போட்டார்கள். உரிய பதக்கம் கிடைத்தது 1998-இல். தண்டனை பெற்ற ஒரே ஆள், அங்கே கொலையில் ஈடுபட்ட படைப்பிரிவின் அதிகாரி வில்லியம் கேலி. ஆயுள் தண்டனை என்றார்கள், பெரும்பாலும் வீட்டுக்காவலிலேயே மூன்றரை வருஷத்தில் முடிந்தது. இதை எல்லாம் சொன்னேன். பெரியவர் பேச்சைப் புல்வெட்டும் இயந்திரத்துக்கு மாற்றிவிட்டார்!

மேரிலாந்திலிருந்து:

எங்கள் மாநிலத்தின் மேற்கு மூலையிலும் இதே கதைதான். ஈராக்கின் அபு கிரைப் சிறையில் அமெரிக்க வீரர்கள் கைதிகளை அவமானப்படுத்திய படங்களை 2004 ஜனவரியில் ராணுவக் குற்றப் புலனாய்வுப் பிரிவிடம் கொடுத்த சிப்பாய் ஜோ டார்பி அந்தப் பக்கத்துக்காரர். அவரும் பத்திரிகைக்குப் போகவில்லை. பெயர் வெளியே வரக்கூடாது என்றுதான் கேட்டுக்கொண்டார். பாதுகாப்பு அமைச்சர் ரம்ஸ்ஃபெல்ட் நாடே பார்த்த விசாரணையில் நன்றி சொல்கிறேன் என்று பெயரைப் போட்டு உடைத்தார். மனிதர் சொந்த ஊரில் குடியிருக்க முடியாமல் போனது. முடிவெட்டப் போன கடையில் ஒருவர், "கூட இருந்தவனைக் காட்டிக்கொடுத்தவன்" என்றார். கைதிகளை அவமானப்படுத்தியவர்களைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள் என்றேன். "அவர்கள் சின்னப் பசங்க." டார்பிக்கும் அப்போது இருபத்து நாலு வயதுதான் என்றேன்.

சென்னையிலிருந்து:

அந்த லாரிக்காரப் பெரியவருக்காக ஒரு வார்த்தை. தாம்ஸன் சொன்னது தான் கண்ணால் பார்த்தது: இந்த இடம், இந்த நாள். கெர்ரி பெரும்பாலும் மற்ற வீரர்கள் சொன்னதை எடுத்துச் சொன்னார், அதையும் தினசரி நடப்பு என்று பொதுவாக வைத்தார். அப்படிப் பொதுவாகச் சொன்னால், ஒன்றும் செய்யாத லாரிக்காரர் மேலும் அது விழும். அதற்காகக் கெர்ரியைத் துரோகி என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் பெரியவருடைய கோபத்துக்குக் காரணம் உண்டு.