புதுப்பிப்பு: எட்டாம் நாள் திறக்காத லிங்க்

ஹட்டன் தொழிற்சாலையிலிருந்து கொழும்புத் தரகருக்கு நெக்ஸ்ட்கிளவுடில் (எங்கள் சொந்த சர்வரிலிருந்தே கோப்புகளைப் பகிர உதவும் மென்பொருள்) லிங்க்காக அனுப்பிய தேயிலை இன்வொய்ஸ்கள் எட்டாம் நாள் திறக்கவில்லை என்று போன வாரம் புலம்பியிருந்தேன் அல்லவா? பயந்த மாதிரி எதுவும் அழியவில்லை. காலாவதியானது லிங்க் மட்டும்தான். கோப்புகள் எங்கள் சர்வரிலேயே பத்திரமாகக் கிடந்தன. லிங்க் காலாவதி அமைப்பில் 7 நாள் என்றிருந்ததை 30 ஆக்கிவிட்டேன்.

அப்புறம்தான் தெரிந்தது, இடம் போதவில்லை என்று வேறொரு மாதத்து ஃபோல்டரை நானே அழித்திருக்கிறேன்! நல்லவேளை, குப்பைத்தொட்டியில் இருந்தது. இனி மாதமுடிவில் எல்லாம் ‘பழையவை’ ஃபோல்டருக்குப் போகும், ஒரு பிரதி ஹார்ட் டிஸ்க்குக்கும். அதைப் பெரிய கிளாக்கர் ஐயா சிலிக்கா பொட்டலத்தோடு அலுமாரியில் பூட்டுகிறார். இந்த மழையில் கடதாசியே நமத்துப்போகிறது, டிஸ்க் எம்மாத்திரம் என்கிறார்.

தரகர் கந்தோரில் புது லிங்க் திறந்துவிட்டதாம்.