அவசரத்துக்கு எதை எவ்வளவு எடுத்து வைப்பது? வீட்டுக்காரர் சிரிக்கிறார்

செங்காங்_மல்லி கேட்டது:

வணக்கம். சிங்கப்பூர் செங்காங்கில் 14ஆம் மாடி, நாலறை வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) வீடு. நாங்கள் இருவர், பிள்ளைகள் இருவர் (9 வயது, 4 வயது), மாமியார். மாமியாருக்கு இன்சுலின் உண்டு. கொஞ்சம் தண்ணீர், அரிசி, விளக்கு, ஒரு பையில் மருந்தும் பத்திரங்களும் எடுத்து வைக்கலாம் என்று சொன்னால் வீட்டுக்காரர் சிரிக்கிறார். "சிங்கப்பூர்ல என்ன ஆயிடப் போகுது? அரசாங்கம் பாத்துக்கும். பாம் ஷெல்ட்டர்ல இப்பவே கால் வைக்க இடமில்ல" என்கிறார். பாம் ஷெல்ட்டரில் (வீட்டுக்குள்ளேயே இருக்கும் இரும்புக் கதவுக் காப்பறை) இடம் பற்றி அவர் சொல்வது உண்மைதான். 200 வெள்ளிக்குள் எதிலிருந்து ஆரம்பிக்கலாம்? அவரை எப்படிச் சம்மதிக்க வைப்பது?

வயர்மேன்_தெம்பனிஸ்:

உங்கள் வீட்டுக்காரர் பக்கம் நியாயம் இருக்கிறது, அதை முதலில் ஒப்புக்கொள்ளுங்கள். இங்கே மின்சாரம் போவது அபூர்வம். 2018 செப்டம்பர் 18 அதிகாலை மின்தடையில் சுமார் 146,000 இணைப்புகள் பாதிக்கப்பட்டன. அதுவே 40 நிமிடத்துக்குள் சரியானது. அரிசி இறக்குமதியாளர்கள் இரண்டு மாதத் தேவைக்கான இருப்பை வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம். அதனால் மூன்று மாத மளிகை, ஜெனரேட்டர் என்று பேச்செடுத்தால் அவர் சிரிக்கத்தான் செய்வார்.

ஆனால் "நாட்டுக்கு ஒன்றும் ஆகாது" என்பது வேறு, "நம் புளோக்குக்கு ஒன்றும் ஆகாது" என்பது வேறு. புளோக்கின் தண்ணீர் பம்ப் பழுதாகலாம். கீழ்வீட்டில் தீப்பிடிக்கலாம். உங்கள் வீட்டு ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்ச்) ராத்திரி இரண்டு மணிக்கு விழுந்து, தூக்கிவிட்டாலும் நிற்காமல் போகலாம். அவரிடம் போர், பேரிடர் என்று பேசாமல் இவற்றைப் பேசுங்கள்.

14ஆம் மாடிக்குத் தண்ணீர் எப்படி வருகிறது என்று அவருக்குத் தெரியுமா, கேட்டுப் பாருங்கள். கீழ்த்தளங்களுக்குப் பிரதானக் குழாயின் அழுத்தமே போதும். மேலே உள்ளவர்களுக்கு மொட்டைமாடித் தொட்டியிலிருந்து இறங்குகிறது, அந்தத் தொட்டிக்கு ஏற்றுவது மின் பம்ப். மின்சாரம் போன உடனே குழாய் நிற்காது, தொட்டியில் இருப்பது வந்துகொண்டிருக்கும். எல்லா வீட்டிலும் ஒரே நேரத்தில் வாளி பிடிக்க ஆரம்பித்தால்தான் வேகமாக இறங்கும். மின்தூக்கியும் இல்லாமல் கீழிருந்து தண்ணீர் தூக்கி வருவதை அவரே கணக்குப் போடட்டும்.

வெளிச்சத்துக்குத் தலையில் மாட்டும் எல்இடி விளக்கு மூன்று வாங்குங்கள். மாமியாரைக் கழிவறைக்குக் கூட்டிப்போக இரண்டு கையும் வேண்டும், கைவிளக்கு உதவாது. மெழுகுவத்தி வேண்டாம், நாலு வயசுப் பிள்ளை இருக்கிற வீடு. ஆல்கலைன் பேட்டரியை விளக்குக்குள் போட்டே வைத்தால் கசிந்து முனைகளை அரித்துவிடும். வெளியே எடுத்து, விளக்கோடு சேர்த்து ரப்பர் பேண்டு போட்டு வையுங்கள். பவர் பேங்க் 20,000 எம்ஏஎச் ஒன்று போதும். அட்டையில் போட்டிருப்பது 3.7 வோல்ட்டுக்கான கணக்கு, மின்னழுத்தம் மாற்றுவதில் மூன்றில் ஒரு பங்கு போய்விடும். 5,000 எம்ஏஎச் கைப்பேசியை இரண்டரை முறை நிரப்பும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை சார்ஜ் ஏற்றாவிட்டால் வேண்டிய நாளில் காலியாக இருக்கும்.

வார்டு_சரோஜா:

மல்லி, உங்கள் வீட்டில் முதல் அவசரம் மாமியாருக்கு வர வாய்ப்பு அதிகம். ஆம்புலன்ஸ்தான் உங்கள் 'பேரிடர்'. அதிலிருந்து ஆரம்பித்தால் வீட்டுக்காரரும் மறுக்க மாட்டார், அவருடைய அம்மா அல்லவா.

ஒரு பக்கத் தாள் எழுதி குளிர்பெட்டிக் கதவில் ஒட்டுங்கள்: மருந்துகளின் பெயர், அளவு, வேளை, ஒவ்வாமை, எந்த மருத்துவமனையில் பார்க்கிறார், யாரை அழைக்க வேண்டும். கைப்பேசியில் இருக்கிறதே என்பார்கள், பதற்றத்தில் கைப்பேசி யார் கையிலோ இருக்கும். ஆம்புலன்ஸுக்கு 995ஐ அழைத்தால் புளோக் எண், வீட்டு எண், திரும்ப அழைக்க வேண்டிய எண் மூன்றையும் முதலில் சொல்லுங்கள். அவர்கள் வைக்கச் சொல்லும்வரை இணைப்பைத் துண்டிக்கக் கூடாது. ஒருவர் கேட்டைத் திறந்து வைத்துவிட்டு மின்தூக்கி அருகே நிற்க வேண்டும். உயிருக்கு ஆபத்தில்லாத நிலைக்கு 1777, அது கட்டணச் சேவை. மைரெஸ்பாண்டர் செயலியில் பக்கத்து ஏஇடி கருவி (நின்ற இதயத்துக்கு மின்னதிர்ச்சி கொடுப்பது) எங்கே என்று தெரியும். ஆனால் ஒருமுறை நேரில் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள், எந்த புளோக்கின் கீழ்த்தளம் என்று பிள்ளைக்கும் காட்டுங்கள்.

இன்சுலின்: திறக்காதது 2 முதல் 8 டிகிரிக்குள். பயன்பாட்டில் உள்ள பேனா பெரும்பாலும் 30 டிகிரிக்குள் நான்கு வாரம் தாங்கும், ஆனால் மருந்துக்கு மருந்து மாறும், பெட்டியில் உள்ள தாளைப் பாருங்கள். நம் ஊரில் ஜன்னல் மூடிய அறை மத்தியானம் 30ஐத் தாண்டிவிடும். மின்சாரம் போனால் குளிர்பெட்டியைத் திறக்காமல் விட்டால் சுமார் நாலு மணி நேரம் குளிர் நிற்கும். அதற்கு மேல் போனால் ஐஸ் பேக்கைத் துண்டில் சுற்றி, கையில் தூக்கும் கூலர் பெட்டியில் வைத்து, மேலே இன்சுலினை வையுங்கள். நேராக ஐஸில் படக்கூடாது. ஒருமுறை உறைந்த இன்சுலின் மறுபடி இளகினாலும் உதவாது, தூக்கிப் போட வேண்டியதுதான். மண்பானையில் ஈர மணல் என்று ஊரில் சொல்லும் வழி வறண்ட காற்றில்தான் நன்றாக வேலை செய்யும். இங்குள்ள ஈரப்பதத்தில் பெரிதாகக் குளிராது.

சர்க்கரை இறங்கினால் கொடுக்க 15 கிராம் குளுக்கோஸ் (மூன்று தேக்கரண்டி சர்க்கரை தண்ணீரில் கரைத்தாலும் சரி), 15 நிமிடம் கழித்து மறுபடி சோதனை. இதை பைக்குள்ளும், மாமியார் கட்டிலருகிலும் வையுங்கள். மயங்கிய நிலையில் வாயில் எதுவும் ஊற்றக் கூடாது. பலதுறை மருந்தகத்தில் மருந்து வாங்குவதைக் கடைசி மாத்திரை வரை தள்ளாமல் இரண்டு வாரம் முன்பே வாங்கினால், அந்த இரண்டு வாரம்தான் உங்கள் இருப்பு. தனியாகச் செலவில்லை.

தேக்கா_மளிகை:

தண்ணீர்: குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு நாளொன்றுக்கு 3 லிட்டர். ஐந்து பேர், மூன்று நாள், 45 லிட்டர். ஒன்றரை லிட்டர் போத்தல் 30. படுக்க வைத்தால் பெரும்பாலான கட்டிலுக்கடியில் போய்விடும், பாம் ஷெல்ட்டரைத் தொடவே வேண்டாம். பாச்சை உருண்டை, ஊதுவத்தி, பினாயில் பக்கத்தில் வைக்காதீர்கள், பிளாஸ்டிக் வழியாக வாசனை ஏறும். கழிவறைக்கு வேண்டிய தண்ணீரைச் சேமிக்க வேண்டியதில்லை. தண்ணீர் நிற்கப் போகிறது என்று தெரிந்ததும் வாளிகளை நிரப்பி, மூடிவிடுங்கள். திறந்து வைத்தால் ஏடிஸ் கொசு முட்டையிடும், தேசியச் சுற்றுப்புற அமைப்பு வந்து பார்த்தால் அபராதம்.

அரிசி: ஆளுக்கு நாளைக்கு 150 கிராம், ஐந்து பேருக்கு ஏழு நாள் என்றால் ஐந்தே கால் கிலோ. அதாவது வழக்கமாக வாங்குவதற்கு மேல் ஒரே ஒரு 5 கிலோ மூட்டை. துவரம்பருப்பு ஒன்றேமுக்கால் கிலோ. இதை 'இருப்பு' என்று தனியாக வைத்தால் கெட்டுப்போகும், வீட்டில் சண்டையும் வரும். முறையை மட்டும் மாற்றுங்கள்: மூட்டை தீர்ந்ததும் அடுத்ததை வாங்குவதற்குப் பதில், பிரித்ததும் அடுத்ததை வாங்குங்கள். 2023 ஜூலையில் இந்தியா பாஸ்மதி அல்லாத வெள்ளை அரிசி ஏற்றுமதியைத் தடை செய்தபோது நம்மவர்கள் கடைகளில் மூட்டை மூட்டையாகத் தள்ளிக்கொண்டு போனார்களே, இந்தப் பழக்கம் உள்ள வீட்டுக்கு அந்த அலைச்சல் தேவையே இருந்திருக்காது. இதை வீட்டுக்காரரிடம் சொன்னால் எடுபடும்.

வண்டு அரிசிக்குள்ளேயே முட்டையாக வருகிறது. வேப்பிலை, வரமிளகாய் போடுவது புதிதாக வருவதைத் தடுக்கலாம், உள்ளே இருப்பதைக் கொல்லாது. சின்னச் சின்னப் பைகளாகக் கட்டி உறைபெட்டியில் நாலு நாள் வைத்து எடுங்கள். எடுத்ததும் பிரிக்காதீர்கள், அறைச் சூட்டுக்கு வருமுன் பிரித்தால் ஈரம் கோர்த்துப் பூஞ்சை பிடிக்கும். அப்புறம் காற்றுப் புகாத டப்பா.

சமைக்காமல் சாப்பிட அவல் (தண்ணீரில் பத்து நிமிடம் ஊறினால் போதும்), பிஸ்கட், பேரீச்சை, டின் மத்தி மீன், பிள்ளைக்குப் பால் மாவு. டின் திறப்பானை மறக்காதீர்கள்.

செங்காங்_மல்லி:

எல்லாருக்கும் நன்றி. சரோஜா அக்கா சொன்ன தாளை எழுதி ஒட்டியாகிவிட்டது, அதற்கு மறுப்பே வரவில்லை. இன்னும் இரண்டு சந்தேகம். எங்கள் வீட்டில் இன்டக்‌ஷன் அடுப்பு, ஸ்டீம்போட் அடுப்பு (எரிவாயுக் குப்பி மாட்டும் சின்ன அடுப்பு) ஒன்று வாங்கினால் பாதுகாப்பா? கதவில் டிஜிட்டல் பூட்டு, மின்சாரம் போனால் மாட்டிக்கொள்வோமா?

வயர்மேன்_தெம்பனிஸ்:

பூட்டுக்கும் வீட்டு மின்சாரத்துக்கும் சம்பந்தமில்லை, அது பேட்டரியில் ஓடுகிறது. பேட்டரி குறைந்தால் கத்தும், அன்றைக்கே மாற்றுங்கள். முழுக்க இறந்துவிட்டால் பெரும்பாலான பூட்டுகளில் வெளிப்பக்கம் அடியில் இரண்டு முனை இருக்கும், 9 வோல்ட் பேட்டரியை அதில் வைத்தபடி எண்ணை அழுத்தலாம். அந்தப் பேட்டரியும் சாவியும் வீட்டுக்குள் இருந்து பயனில்லை, நம்பிக்கையான அண்டை வீட்டில் கொடுத்து வையுங்கள். அதைவிட ஆபத்து கேட்டில் தொங்கும் சாதாரணப் பூட்டு. தீயின்போது அதன் சாவியைத் தேடக் கூடாது. கதவுக்குப் பக்கத்தில், பெரிய பிள்ளைக்கு எட்டும் உயரத்தில் ஆணியில் மாட்டுங்கள்.

ஸ்டீம்போட் அடுப்பு வாங்கலாம். தோசைக்கல் மட்டும் வைக்காதீர்கள். அகலமான கல் வெப்பத்தைக் கீழே திருப்பி, பக்கத்தில் உள்ள எரிவாயுக் குப்பியைச் சூடாக்கும், வெடிப்பது அப்படித்தான். அடுப்பின் தட்டைவிட அகலமில்லாத பாத்திரம், ஜன்னல் திறந்த சமையலறை, முடிந்ததும் குப்பியைக் கழற்றி வைப்பது. பாம் ஷெல்ட்டருக்குள் எரிக்கவே கூடாது, கார்பன் மோனாக்சைடு வாசனை காட்டாமல் கொல்லும். இரண்டு குப்பி போதும், பத்து வேண்டாம்.

புகை உணர்கருவி இருக்கிறதா? 2018 ஜூனிலிருந்து புதிய வீடுகளுக்கு அது கட்டாயம். இல்லையென்றால் தண்ணீருக்கு முன் அதை வாங்குங்கள். படுக்கையறைக்குப் போகும் வழியின் கூரையில் பொருத்துங்கள். சாமி அறைப் பக்கம் வைத்தால் சாம்பிராணிக்கெல்லாம் கத்தும், எரிச்சலில் யாராவது கழற்றிவிடுவார்கள். எண்ணெய்ச் சட்டி பற்றிக்கொண்டால் தண்ணீர் ஊற்றாமல் அடுப்பை அணைத்து மூடியால் மூட வேண்டும். வாசலில் செருப்பு அலமாரி, சைக்கிள் வைத்தது போக 1.2 மீட்டர் நடைவழி இருக்க வேண்டும்.

பாம் ஷெல்ட்டர் பற்றி ஒன்று: சாமான் வைக்கலாம், இரும்புக் கதவைக் கழற்றவோ சுவரை உடைக்கவோ கூடாது. தீப்பிடித்தால் அதற்குள் ஒளியக் கூடாது, அது வேறு ஆபத்துக்கு. அபாயச் சங்கு ஏறி இறங்கி ஊதினால்தான் உள்ளே போக வேண்டும். ஆண்டுதோறும் பிப்ரவரி 15 மாலை 6.20க்கு ஊதுவது முக்கியச் செய்திக்கான சங்கு, அப்போது வானொலியைப் போட வேண்டும். பேட்டரியில் ஓடும் சின்ன வானொலியில் ஒலி 96.8ஐப் பிடித்துக் காட்டுங்கள், மாமியாருக்கு அது தினசரி உதவும்.

ஜூரோங்_கணக்கர்:

வீட்டுக்காரர் தண்ணீர்ப் போத்தலுக்குச் சிரிக்கிறார் என்றால் காகித வேலையை அவரிடம் கொடுங்கள். திருமணத்துக்கு முன் செய்த மசேநி (மத்திய சேமநிதி) நியமனம், அதாவது நமக்குப் பின் பணம் யாருக்கு என்று எழுதிவைப்பது, திருமணத்தோடு செல்லாததாகிவிடும், பலருக்கு இது தெரியாது. மசேநி பணம் உயிலுக்குள்ளும் வராது, தனியாக நியமனம் செய்ய வேண்டும். இருவருக்கும் நீடித்த அதிகாரப் பத்திரம் இல்லையென்றால், ஒருவர் நினைவிழந்து கிடக்கும்போது அவர் பெயரில் மட்டும் உள்ள வங்கிக் கணக்கை மற்றவர் தொட முடியாது. சிங்பாஸில் (அரசாங்கச் சேவைகளுக்கான இணைய அடையாளக் கணக்கு) தொடங்கலாம், பிறகு சான்றளிக்கும் மருத்துவர் அல்லது வழக்கறிஞரைப் பார்க்க வேண்டும். கடப்பிதழ், பிறப்புச் சான்றிதழ், காப்புறுதி நகல்களோடு சில்லறை நோட்டாக 100 வெள்ளி ஒரு நீர்புகா உறையில்.

அவருக்குத் தெரியாமல் வாங்கிச் சேர்க்காதீர்கள். "ஒரு அலமாரித் தட்டு, 200 வெள்ளி, அதற்கு மேல் போனால் நீங்கள் வேண்டாம் என்று சொல்லலாம்" என்று எல்லையை அவர் கையில் கொடுங்கள்.

வார்டு_சரோஜா:

கணக்கர் சொன்னதோடு இதையும் சேருங்கள். ஒரு சனிக்கிழமை இரவு 7.30 முதல் 9 வரை மின்பெட்டியில் விளக்கு, மின்விசிறி, பிளக் சுவிட்சுகளை மட்டும் இறக்குங்கள். மெயினைத் தொடாதீர்கள், இன்சுலின் உள்ள குளிர்பெட்டியின் சுவிட்ச் எது என்று முன்பே பார்த்து அதை விட்டுவிடுங்கள். வீட்டுக்காரரும் வீட்டில் இருக்கும் நாளாகப் பாருங்கள். யார் எதைத் தேடினார்கள் என்று பெரியவளோ பெரியவனோ ஒரு தாளில் எழுதட்டும். மீதிக் காசில் வாங்க வேண்டியது அதில் இருக்கும்.