வாஷிங் மெஷின் வாங்க வருபவர் க்யூஆர் அனுப்பி ஸ்கேன் செய்யச் சொல்கிறார். நம்பலாமா?

கோத்தகிரி வீடு (கேட்பவர்)

வணக்கம். கோத்தகிரி வீட்டைக் காலி செய்துகொண்டிருக்கிறோம். அப்பா அம்மாவைக் கோவைக்கு அழைத்துப் போகிறேன். இங்கே இருக்கும் வாஷிங் மெஷின், ரூம் ஹீட்டர், அப்பாவின் ஸ்கூட்டர் மூன்றையும் விற்க வேண்டும். முதலில் வாஷிங் மெஷினுக்கு 9,000 ரூபாய் என்று ஆன்லைனில் விளம்பரம் போட்டேன்.

போட்ட கொஞ்ச நேரத்திலேயே ஒருவர் கூப்பிட்டார். பாதி ஹிந்தி, பாதி தமிழ். வெலிங்டனில் ராணுவத்தில் இருக்கிறாராம், குடும்பம் வரப்போகிறதாம், குவார்ட்டர்ஸுக்கு மெஷின் வேண்டுமாம். விலையே பேசவில்லை. மெஷின் ஓடுகிறதா என்றுகூடக் கேட்கவில்லை. சீருடையில் எடுத்த போட்டோ, அடையாள அட்டை, கேன்டீன் கார்டு எல்லாம் வாட்ஸ்அப்பில் வந்தன. ராணுவ வண்டி வந்து எடுத்துக்கொள்ளுமாம்.

பணம் என்று வந்தபோதுதான் எனக்கு உறுத்தியது. "எங்களுடையது ராணுவக் கணக்கு. நீங்கள் முதலில் 5 ரூபாய் அனுப்புங்கள், 10 ரூபாயாகத் திரும்ப வரும். அப்புறம் இந்த க்யூஆரை ஸ்கேன் செய்தால் 9,000 உங்கள் கணக்கில் ஏறிவிடும்" என்கிறார். நான் இதுவரை எதுவும் அனுப்பவில்லை, ஸ்கேன் செய்யவும் இல்லை. ஆனால் விடாமல் போன் வந்துகொண்டே இருக்கிறது. அப்பாவோ, "பட்டாளத்துக்காரரைச் சந்தேகப்படாதே" என்கிறார். எங்கள் தெருவிலேயே ராணுவத்தில் இருந்தவர்கள் பலர், அதனால் அவருக்கு அப்படித்தான் தோன்றும்.

இது உண்மையா? அடுத்து ஸ்கூட்டரையும் விற்க வேண்டும் என்பதால் எப்படிப் பாதுகாப்பாக விற்பது என்றும் சொல்லுங்கள்.

குன்னூர் செல்போன் கடை

ஸ்கேன் செய்யாதீர்கள் அக்கா. அந்த 5 ரூபாயும் வேண்டாம்.

பெட்போர்டில் கடை வைத்திருக்கிறேன். இதே மாதிரி க்யூஆரோடு கடைக்கு வருபவர்களைப் பார்க்கிறேன். யுபிஐயில் பணம் வாங்க ஸ்கேன் தேவையில்லை, பின் நம்பரும் தேவையில்லை. உங்கள் போன் நம்பரோ யுபிஐ ஐடியோ போதும், அனுப்ப நினைப்பவர் அனுப்பிவிடுவார். பின் நம்பர் அடித்தால் உங்கள் கணக்கிலிருந்து பணம் போகும்.

அவர் அனுப்பிய படத்தை உற்றுப் பாருங்கள். க்யூஆருக்கு மேலே "9,000 பெற்றுக்கொள்ளுங்கள்" என்கிற மாதிரி ஏதாவது எழுதியிருக்கும். அது படத்தில் அவர்களே ஒட்டிய எழுத்து. ஸ்கேன் செய்ததும் ஆப்பின் சொந்தத் திரை வரும். அதில் 9,000 செலுத்து என்று இருக்கும், கீழே சம்பந்தமே இல்லாத யாரோ ஒருவரின் பெயரோ கடையின் பெயரோ இருக்கும். படத்தில் இருப்பதை நம்பி, திரையில் இருப்பதைப் படிக்காமல் பின்னை அடிப்பவர்தான் மாட்டுகிறார். 5 ரூபாய்க்கு 10 ரூபாய் உண்மையிலேயே திரும்ப வரும். பயத்தைப் போக்கத்தான் அது.

முன்பு பணம் கேட்டுக் கோரிக்கை அனுப்பி ஏமாற்றினார்கள். தனிநபர்களுக்கு இடையேயான அந்தக் கோரிக்கை வசதி 2025 அக்டோபர் 1 முதல் நிறுத்தப்பட்டுவிட்டது. க்யூஆர் வழி இன்னும் இருக்கிறது.

வெலிங்டன் ஓய்வு

தங்கச்சி, நான் பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்றவன். அப்பாவிடம் இதை அப்படியே வாசித்துக் காட்டுங்கள்.

ஜவானுக்கும் அதிகாரிக்கும் சம்பளம் அவரவர் சொந்த வங்கிக் கணக்கில்தான் வருகிறது. வீட்டுக்கு மெஷின் வாங்கினால் எல்லோரையும் போல அந்தக் கணக்கிலிருந்துதான் கொடுப்பார். 5 ரூபாய் வாங்கி 10 ரூபாய் தரும் ராணுவக் கணக்கு எங்கும் கிடையாது. சொந்தச் சாமானை ஏற்றிப் போக ராணுவ வண்டியும் வராது. பணியில் இருப்பவர் தன் அடையாள அட்டையை முன்பின் தெரியாதவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பவும் மாட்டார். அந்த அட்டையில் இருக்கும் முகம் நிஜமான ஒரு ஜவானுடையதாக இருக்கலாம். அவருடைய அட்டையின் படத்தை எங்கிருந்தோ எடுத்து இவர்கள் பயன்படுத்துகிறார்கள், அவருக்கே தெரிந்திருக்காது.

நம் மலையில் மெட்ராஸ் ரெஜிமென்ட் மையமும் ஸ்டாஃப் காலேஜும் இருப்பதால் வெலிங்டன் என்று சொன்னாலே நம்பிவிடுகிறோம். அதைத் தெரிந்துகொண்டு பேசுகிறார்கள். இதே ஆள் வேறு ஊர்க்காரரிடம் அந்த ஊருக்குப் பக்கத்தில் இருக்கும் முகாமின் பெயரைச் சொல்லுவான்.

வெலிங்டனிலிருந்து குன்னூர் வந்து கோத்தகிரி பஸ் ஏறினால் வீட்டு வாசலுக்கு வந்துவிடலாம். "நேரில் வந்து ஓட்டிப் பாருங்கள், பிடித்தால் எடுத்துக்கொள்ளுங்கள்" என்று மட்டும் சொல்லுங்கள். உண்மையான ஜவான் விடுப்பு நாளில் வருவார், ஐந்நூறு குறைக்கச் சொல்லி பேரமும் பேசுவார். பட்டாளத்துக்காரரைச் சந்தேகப்பட்டதாக அப்பா வருந்த வேண்டியதில்லை. எங்கள் சீருடையை வைத்துத் திருடுகிறவனைப் பற்றித்தான் நாம் பேசுகிறோம், எனக்கு அதில்தான் கோபம்.

கோத்தகிரி வீடு

ரொம்ப நன்றி அண்ணா. நேரில் வரச் சொன்னேன். "டியூட்டியில் இருக்கிறேன், பணத்தை இப்போதே போட்டுவிடுகிறேன்" என்றார். இப்போது 90,000 ரூபாய் வரவு என்று ஒரு எஸ்எம்எஸ் வந்திருக்கிறது. தவறிப்போய் ஒரு பூஜ்யம் கூடிவிட்டதாம், மீதி 81,000 ரூபாயை உடனே திருப்பி அனுப்பச் சொல்லி அழாத குறையாகப் பேசுகிறார். இங்கே காலையிலிருந்து மழை, சிக்னல் வந்து வந்து போகிறது, வங்கி ஆப் திறக்க மாட்டேன் என்கிறது. நிஜமாகவே வந்திருந்தால் என்ன செய்வது?

குன்னூர் செல்போன் கடை

எஸ்எம்எஸ் எந்த எண்ணிலிருந்து வந்தது என்று பாருங்கள். பத்து இலக்க மொபைல் எண் என்றால் அதை அவரே தட்டச்சு செய்து அனுப்பியிருக்கிறார். வங்கிச் செய்தி வங்கியின் பெயர்ச் சுருக்கத்தோடு, ஆங்கில எழுத்துகளில் வரும். அப்படியே வந்திருந்தாலும் எஸ்எம்எஸை வைத்து முடிவு செய்யாதீர்கள். சிக்னல் உள்ள இடத்துக்குப் போய் ஆப்பில் இருப்பைப் பாருங்கள். இல்லையென்றால் வங்கியின் இருப்பு அறியும் எண்ணுக்கு உங்கள் பதிவு எண்ணிலிருந்து மிஸ்டு கால் கொடுங்கள்.

மழையும் சிக்னலும் சரியாகும் வரை அவர் காத்திருக்கட்டும். நிஜமாகவே யாராவது தவறிப் போட்டிருந்தால் அவர் தன் வங்கியில் சொல்லட்டும், நீங்களும் உங்கள் கிளையில் சொல்லுங்கள். வங்கி வழியாகத் திரும்பப் போகும். நீங்களாக ஒரு பைசா திருப்பி அனுப்ப வேண்டாம்.

வீடியோ காலில் வந்து ஸ்கிரீன் ஷேர் போடச் சொன்னாலும், ஏதாவது ஆப் இறக்கச் சொன்னாலும் உடனே வைத்துவிடுங்கள். திரையில் வரும் ஓடிபி எல்லாம் அவருக்கும் தெரியும்.

உதகை வங்கி ஊழியர்

மேலே சொன்னதெல்லாம் சரி. இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. பணம் நிஜமாகவே வந்த பிறகு வருகிற ஆபத்து.

வாங்குபவர் உங்கள் வாசலில் நிற்பார், பணம் மட்டும் வேறு யாருடைய கணக்கிலிருந்தோ வரும். "மச்சான் போடுகிறான்", "முதலாளி போடுகிறார்" என்பார். அது எங்கோ ஏமாந்த ஒருவரின் பணமாக இருந்தால், அவர் புகார் கொடுத்ததும் பணம் போன பாதையிலுள்ள கணக்குகளையெல்லாம் காவல்துறை முடக்கச் சொல்லும். வேறு மாநிலத்துப் புகாருக்காக இங்கே கணக்கு நின்றுபோய், ஓய்வூதியம்கூட எடுக்க முடியாமல் கிளையில் வந்து உட்காரும் பெரியவர்களைப் பார்த்தால் மனது கேட்பதில்லை. சாமான் போயிருக்கும், பணமும் கையில் இருக்காது.

அதனால் பணம் அனுப்பியவர் பெயரும் முன்னால் நிற்பவர் பெயரும் ஒன்றா என்று பாருங்கள். ஒன்றில்லை என்றால் ரொக்கமாகக் கேளுங்கள். ஒரு வெள்ளைத் தாளில் பொருளின் பெயர், சீரியல் எண், தொகை, தேதி எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டு ஆளுக்கொரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். விளம்பரம், வாட்ஸ்அப் பேச்சு எதையும் அழிக்காதீர்கள். கணக்கு முடங்கினால் எந்த மாநிலத்துப் புகார், புகார் எண் என்ன என்று கிளையில் எழுதி வாங்குங்கள். அந்தக் காவல் நிலையத்துக்குக் கொடுக்கும் விளக்கத்துக்கு இந்தத் தாள்தான் ஆதாரம்.

ரொக்கம் என்றால் வங்கியின் பணம் போடும் மெஷினுக்கு அவரோடு போய்ப் போடுங்கள். கள்ள நோட்டு இருந்தால் அங்கேயே தெரிந்துவிடும். காசோலை வேண்டாம். போட்டதும் வரவு காட்டினாலும் பாஸ் ஆகும் வரை அது உங்கள் பணமில்லை.

ஊட்டி கேமரா

பழைய லென்ஸ் வாங்கி விற்கிறேன். வாங்கிப் போய் மாற்றித் திருப்பிக் கொடுப்பவர்களைப் பற்றி யாரும் சொல்லவில்லை, அதனால் எழுதுகிறேன். நம் ஈரத்துக்கு லென்ஸுக்குள் பூஞ்சை பிடிப்பது சகஜம். சுத்தமான லென்ஸை வாங்கிப் போய், தன்னிடம் இருக்கும் பூஞ்சை பிடித்த அதே மாடலைக் கொண்டுவந்து "நீ கொடுத்தது இதுதான், பணத்தைக் கொடு" என்பார்கள். கொடுக்கும்போதே சீரியல் எண் தெரிய, டார்ச் அடித்து உள்ளே காட்டி, வாங்குபவர் கண்ணெதிரே ஒரே வீடியோவாக எடுத்துவிடுகிறேன். வாஷிங் மெஷினுக்கும் இதையே செய்யுங்கள். பின்பக்க ஸ்டிக்கரில் எண் இருக்கும், ஒரு தடவை தண்ணீர் விட்டு ஓடுவதையும் எடுங்கள்.

கூடலூர் பைக்

ஸ்கூட்டரில்தான் கவனம் வேண்டும். வண்டி போய் ஆர்சியில் (பதிவுச் சான்றில்) அப்பா பெயரே இருந்தால், நாளைக்கு விபத்து என்றால் நோட்டீஸ் அப்பாவுக்கு வரும். 2018இல் நவீன் குமார் எதிர் விஜய் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைச் சொல்லிவிட்டது. அந்த வண்டி பல கை மாறியிருந்தும், ஆர்சியில் பெயர் இருந்தவரே இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று தீர்ப்பு.

"அப்புறம் மாற்றிக்கொள்கிறேன்" என்பவருக்குச் சாவியைக் கொடுக்காதீர்கள். பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30 இரண்டிலும் அப்பா கையெழுத்துப் போட வேண்டும். தேதியும் வாங்குபவர் பெயரும் நிரப்பாமல் வெற்றுப் படிவத்தில் கையெழுத்துப் போடக் கூடாது. மாநிலத்துக்குள் விற்றால் 14 நாட்களுக்குள் ஆர்டிஓவுக்குத் தெரிவிக்க வேண்டியது விற்பவர் பொறுப்பு. எங்கள் கூடலூரில் கேரளாவிலிருந்தும் கர்நாடகத்திலிருந்தும் வாங்க வருவார்கள். அப்படியென்றால் படிவம் 28இல் தடையில்லாச் சான்று எடுக்க வேண்டும், அதற்கு 45 நாள் அவகாசம்.

ஓட்டிப் பார்க்கக் கேட்டால் தனியாக அனுப்பாதீர்கள். பின்னால் நம் ஆள் உட்காரட்டும், அவர் வந்த வண்டியின் சாவி நம் கையில் இருக்கட்டும்.

கோத்தகிரி வீடு

எல்லோருக்கும் நன்றி. மழை விட்டதும் மார்க்கெட் பக்கம் போய் ஆப்பைத் திறந்தேன். ஒரு ரூபாயும் வரவில்லை. எஸ்எம்எஸ் வந்தது ஒரு மொபைல் எண்ணிலிருந்துதான். "வங்கியில் சொல்லித் திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள்" என்றதும் போலீஸில் சொல்லுவேன் என்று மிரட்டிவிட்டு பிளாக் செய்துவிட்டார். வெலிங்டன் அண்ணா எழுதியதை அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். இரண்டு தடவை வாசிக்கச் சொன்னார்.

மெஷினைக் கட்டபெட்டிலிருந்து ஒரு தம்பதி வந்து ஓடவிட்டுப் பார்த்து, 8,500க்குப் பேசி எடுத்துப் போனார்கள். பணம் அந்த அக்காவின் பெயரிலேயே வந்தது, தாளிலும் கையெழுத்து வாங்கிக்கொண்டேன்.

இரண்டு கேள்வி மட்டும் பாக்கி. பணம் போகாத நிலையில் அந்த எண்ணைப் பற்றி எங்கே சொல்வது? ஸ்கூட்டர் இன்சூரன்ஸை என்ன செய்வது?

உதகை வங்கி ஊழியர்

பணம் போயிருந்தால் உடனே சைபர் மோசடி உதவி எண் 1930க்கு அழைக்க வேண்டும். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவு தூரம் பணத்தை வழியில் நிறுத்த முடியும். பணம் போகவில்லை என்றால் தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் சக்ஷு என்ற பகுதியில் அந்த எண்ணையும் எஸ்எம்எஸ்ஸின் ஸ்கிரீன்ஷாட்டையும் போடுங்கள். அந்த விளம்பரத் தளத்திலும் அவருடைய கணக்கைப் புகார் செய்யுங்கள், இல்லையென்றால் இன்று மாலையே வேறொரு வீட்டுக்குப் போன் போகும்.

கூடலூர் பைக்

இன்சூரன்ஸை வாங்குபவர் 14 நாட்களுக்குள் தன் பெயருக்கு மாற்ற வேண்டும். அப்பாவின் நோ கிளெய்ம் போனஸ் (இழப்பீடு கேட்காத ஆண்டுகளுக்கான பிரீமியம் தள்ளுபடி) வண்டியோடு போகாது, அது அவருடையது. கம்பெனியில் எழுதிக் கேட்டுச் சான்று வாங்கி வைத்தால் கோவையில் வேறு வண்டி வாங்கும்போது மூன்று ஆண்டுக்குள் பயன்படுத்திக்கொள்ளலாம். பெயர் மாறிவிட்டதா என்று பரிவாகன் தளத்தில் வண்டி எண்ணைப் போட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்.