மறுமொழி: பேஸ்பால் ‘புரொஜெக்‌ஷன்’ – கணிப்பா, மதிப்பீடா?

அனைவருக்கும் வணக்கம்.

மூன்று நாளாக இந்த இழையைப் படித்துக்கொண்டு சும்மா இருந்தேன். ‘புரொஜெக்‌ஷன்’ என்ற பேஸ்பால் சொல்லுக்குத் தமிழில் ‘முன்கணிப்பு’ என்றே முடித்துவிடலாம் என்று நேற்று ஒருவர் எழுதியதும் கை துறுதுறுத்துவிட்டது. நான் பால்டிமோர் பக்கம் குடிவந்து இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. எங்கள் ஊர்ப் பேஸ்பால் அணியான ஓரியோல்ஸின் ரசிகனாகப் பட்ட பாட்டுக்கு, இந்த ஒரு சொல்லிலாவது எனக்குப் பாத்தியதை இருக்கும்.

புதிதாகச் சேர்ந்தவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். அமெரிக்கப் பேஸ்பாலில் 30 அணிகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு பருவத்தில், அதாவது ஒரு வருடத்து ஆட்டக்காலத்தில், 162 ஆட்டம். மார்ச் மாதக் கடைசியில் ஆட்டம் தொடங்குமுன், எந்த அணிக்கு எத்தனை வெற்றி என்று பட்டியல்கள் வெளியாகும். அந்த எண்ணைத்தான் ‘புரொஜெக்‌ஷன்’ என்கிறார்கள். இழையைத் தொடங்கிய நண்பர் அதைப் பற்றித் தமிழில் கட்டுரை எழுதுகிறார், சொல் கேட்கிறார்.

> முன்கணிப்பு ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது. பிரெடிக்‌ஷன், ஃபோர்காஸ்ட், புரொஜெக்‌ஷன் மூன்றுக்கும் அது ஒன்றே போதாதா?

போதாது ஐயா. ‘கணிப்பு’ என்றதும் நம் காதில் விழுவது தேர்தல் கருத்துக்கணிப்பு. அடுத்த வாரமே ‘கணிப்புகள் பொய்த்தன’ என்று தலைப்பு வரும். ஒன்று பலிக்க வேண்டும், இல்லை பொய்க்க வேண்டும். நடுவில் இடமே கிடையாது. சாதகத்தைக் கணிப்பதும் இதே சொல்தான். இந்த எண்ணோ பலிப்பதற்காகப் போட்ட எண்ணே அல்ல.

எப்படிப் போடுகிறார்கள் என்று பார்த்தால் புரியும். இருப்பதிலேயே எளிய முறை, டாம் டாங்கோ என்ற பேஸ்பால் புள்ளிவிவர ஆய்வாளர் செய்த ‘மார்செல்’. ஒரு தொலைக்காட்சித் தொடரில் வந்த குரங்கின் பெயர் அது. குரங்குக்கும் புரிகிற அளவு எளிது என்று அவரே கேலியாக வைத்தது. மட்டையாளர் ஒருவரின் கடைசி மூன்று வருட ஆட்டத்தை எடுத்துக்கொள். போன வருடத்துக்கு 5, அதற்கு முந்தியதற்கு 4, அதற்கும் முந்தியதற்கு 3 என்று எடை கொடு. அதோடு லீக் சராசரி ஆட்டக்காரர் ஒருவரின் ஆட்டத்தையும் கொஞ்சம் கலந்துவிடு. 29 வயதுக்குக் கீழானால் சற்று ஏற்று, மேலானால் சற்று இறக்கு. அவ்வளவுதான். நேட் சில்வர் செய்த ‘பெக்கோட்டா’, டான் சிம்போர்ஸ்கியின் ‘ஜிப்ஸ்’ எல்லாம் இதைவிட எத்தனையோ நுணுக்கமானவை, ஆனால் எலும்புக்கூடு இதுதான். ஆட்டக்காரர்களின் எண்களைக் கூட்டி, யார் எத்தனை நாள் களமிறங்குவார் என்று ஆள் வைத்து மதிப்புப் போட்டு, அணி எத்தனை ஓட்டம் எடுக்கும், எத்தனை கொடுக்கும் என்று வருவிக்கிறார்கள். அப்புறம் ஆட்ட அட்டவணையைக் கணினியில் ஆயிரக்கணக்கான தடவை ஆடவிட்டுப் பார்க்கிறார்கள். பட்டியலில் ‘84’ என்று இருந்தால், அத்தனை பருவங்களின் நடு அது. ‘இந்த அணி 84 ஆட்டம் ஜெயிக்கும்’ என்று அந்தக் கணக்கு எங்கும் சொல்லவே இல்லை.

இன்னொன்று. ஒரு அணியின் உண்மையான வலு சரியாகப் பாதிக்குப் பாதி, அதாவது 81 வெற்றிக்கு உரியது என்று கடவுளே வந்து சொல்லிவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் 162 தடவை காசு சுண்டுகிற கதைதான்; திட்ட விலக்கம், அதாவது எண்கள் நடுவிலிருந்து பொதுவாக எவ்வளவு விலகும் என்ற அளவு, ஆறு வெற்றிக்குச் சற்று மேலே வரும். (இலங்கை நண்பர்களுக்கு: நியம விலகல்.) மூன்றில் ஒரு பருவம் 75-க்குக் கீழேயோ 87-க்கு மேலேயோ போய்விடும். முப்பது அணிகளும் அச்சில் வார்த்தது போல் ஒரே வலுவோடு ஆடினாலும், எப்படியும் ஒன்று 93 பக்கம் ஏறும், ஒன்று 69 பக்கம் இறங்கும். ஏறிய அணியின் பயிற்சியாளரைப் பற்றி ஊரெல்லாம் கட்டுரை வரும்.

93 என்ற எண்ணைச் சும்மா சொல்லவில்லை. 2012-இல் எங்கள் ஓரியோல்ஸ் எடுத்த வெற்றி 93. அதற்கு முன் 1998 முதல் 2011 வரை தொடர்ந்து 14 பருவம் தோல்விக் கணக்கு. அப்போது எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த பிள்ளை, இந்த அணி பாதி ஆட்டங்களுக்கு மேல் ஜெயித்து ஒரு வருடம் கூடப் பார்த்திருக்கவில்லை. அந்த 2012-இல் எடுத்த ஓட்டம் 712, கொடுத்த ஓட்டம் 705. ஏழே ஏழு ஓட்டம் மிச்சம்! பேஸ்பால் புள்ளிவிவர முன்னோடி பில் ஜேம்ஸின் சூத்திரப்படி எடுத்த ஓட்டத்தின் வர்க்கத்தை, இரண்டு வர்க்கங்களின் கூட்டுத்தொகையால் வகுத்தால் அந்த அணிக்கு உரியது 82 வெற்றி. (வர்க்கங்கள் வருவதால் பித்தாகரஸ் பெயரை ஒட்டிவிட்டார்கள், முக்கோணத்துக்கும் இதற்கும் ஒரு உறவும் இல்லை.) பாக்கி 11 எங்கிருந்து வந்தது? ஒரே ஒரு ஓட்ட வித்தியாசத்தில் முடிந்த ஆட்டங்களில் 29 வெற்றி, 9 தோல்வி. சமநிலையில் நின்று கூடுதல் இன்னிங்ஸ் போன ஆட்டங்களில் 16 வெற்றி, 2 தோல்வி.

அடுத்த மார்ச்சில் கணக்குப் போடுகிறவர்கள் எல்லாரும் ஓரியோல்ஸை இறக்கியே போட்டார்கள். எனக்கு வந்த கோபம் கொஞ்சமல்ல. 2013-இல் 85 வெற்றி. எழுதும்போது இன்றும் கை வலிக்கிறது.

இது ஒரு அணியின் கதை மட்டுமல்ல. 2016-இல் டெக்சஸ் ரேஞ்சர்ஸ் எடுத்தது 765, கொடுத்தது 757. ஒரு ஓட்ட ஆட்டங்களில் 36–11. மொத்தம் 95 வெற்றி. அடுத்த வருடம் 78.

> கணக்கு இவ்வளவு சரியானால் 2015 கதை என்ன?

நியாயமான கேள்வி. அந்த வருடம் கேன்சஸ் சிட்டி ராயல்ஸுக்குப் பெக்கோட்டா போட்டது 72. அவர்கள் 95 ஆட்டம் ஜெயித்து கோப்பைக்கான இறுதித் தொடரான உலகத் தொடரையும் தூக்கிக்கொண்டு போனார்கள். இதில் வேடிக்கை, பெக்கோட்டா என்ற பெயரே பில் பெக்கோட்டா என்ற பழைய ராயல்ஸ் ஆட்டக்காரருடையது. சொந்த வீட்டுப் பிள்ளையே காலை வாரிவிட்டது போல ஆயிற்று. அதே கணக்கு 2007-இல் சிகாகோ வொயிட் சாக்ஸுக்கும் 72 போட்டது, நிர்வாகம் சிரித்தது, அணி 72 வெற்றியில் நின்றது. முதலாவதை ‘பொய்த்தது’ என்றும் இரண்டாவதை ‘பலித்தது’ என்றும் சொல்லவைப்பது எது? ‘கணிப்பு’ என்ற சொல்தான். இரண்டாவது அப்படியே பொருந்தியதும் பெரும்பாலும் அதிர்ஷ்டமே என்பதை அந்தச் சொல் மறைத்துவிடுகிறது.

சரி, சொல்லுக்கு வருகிறேன்.

‘வீழல்’ என்று ஒருவர் எழுதியிருந்தார். திசையன் பாடத்தில் அது பாடநூல் சொல்தான், மறுக்கவில்லை. ஆனால் ‘ஓரியோல்ஸின் 2013 வீழல்’ என்று தலைப்பிட்டால் ரசிகன் ஒப்பாரி வைப்பான். ‘எறிவு’ என்றால் பந்து எறிகிற ஆட்டத்தில் இன்னும் குழப்பம். ‘ஆரூடம்’, ‘விரிச்சி’ ஆகிய இரண்டும் அழகான சொற்கள். இரண்டுமே நல்ல சொல் கேட்கப் போகிறவருக்கானவை, கூட்டல் கழித்தல் போடுகிறவருக்கு உதவா. ‘புறக்கணிப்பு’ என்று எழுதியவர் விளையாட்டுக்குத்தான் எழுதினார் என்று நம்புகிறேன்.

என் முன்மொழிவு: முன்மதிப்பீடு.

காரணம் இலக்கணமல்ல, பழக்கம். வரவுசெலவுத் திட்டத்தில் ‘மதிப்பீடு’ என்று ஒரு தொகை போடுகிறார்கள். வருடம் முடிந்து பார்த்தால் ஏறியிருக்கும் அல்லது இறங்கியிருக்கும். நிதியமைச்சரின் ஆரூடம் பொய்த்தது என்று யாரும் எழுதுவதில்லை. மதிப்பீட்டைவிட இவ்வளவு கூடுதல், இவ்வளவு குறைவு என்கிறோம். மேலே கீழே போவதற்கான இடம் அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. பூப்பிடித்த மாந்தோப்பைப் பார்த்துக் குத்தகைக்கு மதிப்புப் போடுகிற வியாபாரியும் காய் எண்ணிச் சொல்வதில்லை. புயல் அடித்தால் அடித்ததுதான் என்று தெரிந்தே போடுகிறான்.

கூடவே ஓர் இலவச இணைப்பு: பருவம் நடக்கும்போது, அடிபட்டவர்களையும் ஜூலை மாதம் கைமாறியவர்களையும் கணக்கில் சேர்த்து, மிச்ச ஆட்டங்களுக்குப் புது எண் போடுவார்கள். அதற்குச் சொல் உண்டாக்கவே வேண்டாம். ‘திருத்திய மதிப்பீடு’ நம் பட்ஜெட்டில் ஏற்கெனவே இருக்கிறது.

> எங்கட பக்கம் ‘எதிர்வுகூறல்’ எண்டு பாடப்புத்தகத்திலயே இருக்கு. அதை ஏன் விடவேணும்?

விடவேண்டாம் அண்ணை, அதற்கு இங்கே வேறு வேலை இருக்கிறது. தொலைக்காட்சியில் நான்கு பேர் உட்கார்ந்து ‘இந்த வருடம் கோப்பை இவர்களுக்குத்தான்’ என்று சொல்கிறார்களே, அது கூறல். பெயர் போட்டுச் சொல்கிறார்கள். தப்பினால் அவர்கள்தான் பதில் சொல்ல வேண்டும். ஆள் வாயால் சொல்வது எதிர்வுகூறல், கணக்கு தருவது முன்மதிப்பீடு என்று பிரித்துக்கொண்டால் கட்டுரைக்கு இரண்டுமே தேவைப்படும். ‘முன்’ என்பது கடந்த காலத்தையும் குறிக்குமே என்று கேட்டிருந்தீர்கள். முன்பணம், முன்பதிவு இரண்டிலும் யாரும் குழம்புவதில்லை.

அடுத்து, ஒரு வருடம் மிக ஏறியோ இறங்கியோ போன அணி மறுவருடம் சராசரியை நோக்கி வருவது; ஆங்கிலத்தில் ‘ரிக்ரெஷன்’. சில கட்டுரைகளில் ‘பின்னடைவு’ என்று போட்டிருக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். பின்னடைவு கீழே மட்டும்தான் போகும். வாக்கு எண்ணிக்கை நாளில் கேட்டுக் கேட்டு அப்படிப் பழகிவிட்டது. 60 வெற்றி எடுத்த அணி மறுவருடம் 70-க்கு ஏறுவதும் இதே நிகழ்வுதான். பாடநூலின் ‘தொடர்புப்போக்கு’ கோடு வரைகிற உத்திக்குச் சரி, இதற்கு ஒட்டாது. ‘சராசரி ஈர்ப்பு’ கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் ஏதோ ஒரு விசை பிடித்து இழுப்பதாகத் தோன்றும். இழுக்க எதுவும் இல்லை. போன வருடத்து அதிர்ஷ்டம் இந்த வருடம் வரவில்லை, அவ்வளவே. அதனால் ‘சராசரிக்குத் திரும்பல்’. சொல் நீளம்தான். பொறுத்துக்கொள்வோம்.

கடைசியாக ஒன்று, இதில்தான் எனக்கு ஆசை அதிகம். ஆட்டக்காரர் ஒருவரின் மதிப்பைச் சொல்ல, குறைந்தபட்சச் சம்பளத்துக்கு எப்போது கூப்பிட்டாலும் கிடைக்கிற ஒருவரோடு ஒப்பிடுகிறார்கள். ‘ரீப்ளேஸ்மென்ட் லெவல்’. இழையில் ‘மாற்றாள் மட்டம்’ என்று வந்திருந்தது. அகராதியைப் புரட்டுங்கள், மாற்றாள் என்றால் சக்களத்தி! நான் சொல்வது ‘பதிலி’. பஞ்சாலைகளில் நிரந்தர ஆள் வராத நாளில் வாசலில் காத்திருந்து உள்ளே போகிறவருக்கு அதுதான் பெயர். கீழ் லீக்கில் பெட்டி கட்டியபடி அழைப்புக்குக் காத்திருக்கும் ஆட்டக்காரனுக்கு இதைவிடப் பொருத்தமான தமிழ் எனக்குத் தெரியவில்லை. முழுக்கப் பதிலிகளையே வைத்து ஒரு அணி ஆடினால் 48 ஆட்டம் போல் ஜெயிக்கும் என்பது இத்துறையில் ஒத்துக்கொண்ட கணக்கு. 2024-இல் வொயிட் சாக்ஸ் ஜெயித்தது 41, தோற்றது 121. பதிலி மட்டத்துக்கும் கீழே!

நண்பரின் கட்டுரையில் இந்தச் சொற்களைப் பொருத்தி ஒரு பத்தி எழுதிப் பார்த்தேன்:

“2012-இல் ஓரியோல்ஸ் எடுத்த 93 வெற்றியில் ஓட்டக்கணக்குக்கு உரியது 82. ஆகவே மறுவருட முன்மதிப்பீடு அணியைக் கீழே இறக்கியது. ரசிகர்களின் எதிர்வுகூறல் வேறாக இருந்தது. அணி சராசரிக்குத் திரும்பியது.”

வாய்விட்டுப் படித்தேன், இடறவில்லை. உங்களுக்கு இடறினால் எந்தச் சொல்லில் என்று எழுதுங்கள். ‘பதிலி’யை மட்டும் சண்டை போடாமல் விட்டுத்தர மாட்டேன்.

அன்புடன்,
பால்டிமோர்க்காரன்