எண்டோமெட்ரியோசிஸ் சந்தேகம்: மதுரை, திருச்சிப் பக்கம் யாரைப் பார்க்கலாம்?

வணக்கம் தோழிகளே. எனக்கு எண்டோமெட்ரியோசிஸ், அதாவது கர்ப்பப்பையின் உள்பூச்சு போன்ற திசு அதற்கு வெளியே வளரும் நோய், இருக்குமோ என்று சந்தேகம். எனக்கு வயது 29, ஊர் திண்டுக்கல். மாதவிடாய் வலி பள்ளிக்கூட நாளிலிருந்தே உண்டு. கல்யாணமானால் சரியாகிவிடும் என்றார்கள்; ஆகவில்லை. இப்போது தூரம் வருவதற்கு முன்பே அடிவயிறும் இடுப்பும் இழுக்க ஆரம்பித்துவிடுகிறது. அந்த நாட்களில் மலம் கழிக்கும்போது உள்ளே கத்தியால் கீறுகிற மாதிரி வலி. மெஃப்தால் போட்டால் கொஞ்ச நேரம்தான் தாங்கும். தாம்பத்தியத்திலும் வலி. இதை மாமியாரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு டாக்டரிடம் எப்படிச் சொல்வது?

வயிற்று ஸ்கேன் நார்மல். கேஸ் என்று மாத்திரை எழுதிக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். ஆனால் சினைப்பையில் சாக்லேட் கட்டி (பழைய ரத்தம் தேங்கிய கட்டி) இருந்தால்தான் ஸ்கேனில் பளிச்சென்று தெரியும், கர்ப்பப்பைக்கு வெளியே படர்ந்திருக்கும் சின்னத் திட்டுகள் தெரியாமலே போகலாம் என்று படித்தேன். சிஏ-125 ரத்தப் பரிசோதனையை வைத்தும் உறுதியாகச் சொல்ல முடியாதாம்.

மதுரையிலோ திருச்சியிலோ இதைப் பொறுமையாகக் கேட்கிற, லேப்ராஸ்கோபியில் (வயிற்றில் சிறு துளையிட்டு கேமரா விட்டுப் பார்ப்பது) அனுபவமுள்ள மகப்பேறு மருத்துவர் யாராவது தெரியுமா? அறிகுறிகளை வைத்தே ஹார்மோன் மாத்திரை தொடங்கிப் பார்க்கலாம், ஸ்கேனில் எதுவும் தெரியாமலோ மாத்திரைக்குக் கேட்காமலோ போனால் லேப்ராஸ்கோபி என்று 2022 ஐரோப்பிய வழிகாட்டுதலில் இருக்கிறது. டயனோஜெஸ்ட் என்ற ஹார்மோன் மாத்திரை சாப்பிட்டவர்கள் சொல்லுங்கள்: இடையிடையே ரத்தக்கசிவு, மனச்சோர்வு எப்படி இருந்தது? நாங்கள் குழந்தைக்கும் முயற்சி செய்கிறோம், மாத்திரை எடுக்கும் காலம் முழுக்க அதைத் தள்ளிப்போட வேண்டும், அதனால்தான் குழப்பம். அப்புறம், லேப்ராஸ்கோபிக்கு முதலமைச்சர் காப்பீட்டு அட்டையை ஏற்றுக்கொண்டார்களா? கஷாயம், பத்தியம் எல்லாம் பார்த்தாயிற்று, அவை வேண்டாம். பெயரை இங்கே போடத் தயங்கினால் தனிச் செய்தியில் அனுப்புங்கள்.