மூடாத ஃபைலும் நிற்காத பூட்டும்: உங்கள் அனுபவம் என்ன?

அரைப்புள்ளி:

லாக் ஃபைல்களைப் படித்துக் கணக்கெடுக்கும் பைத்தான் ஸ்கிரிப்ட் ஒன்று இருந்தது. நான் எழுதியதுதான். ஃபைலைத் திறக்கிற வரியிலேயே படித்தும் விடுவேன். க்ளோஸ் என்ற பேச்சே கிடையாது. இரண்டு வருஷம் ஒரு முனகலும் இல்லாமல் ஓடியது. வேகம் போதவில்லை என்று பைபைக்கு, அதாவது பைத்தானை வேகமாக ஓட்டும் இன்னொரு இன்டர்ப்ரெட்டருக்கு, மாற்றினோம். வேகம் என்னவோ வந்தது. அன்று ராத்திரியே 'டூ மெனி ஓபன் ஃபைல்ஸ்' என்று விழுந்தது.

மெமரி தாராளமாக இருந்தது. மறுபடி ஓடவிட்டு, ப்ராக் டைரக்டரியில் அந்த ப்ராசஸ் திறந்து வைத்திருக்கும் ஃபைல்களின் (எஃப்டி) பட்டியலைப் பார்த்தேன். எப்போதோ படித்து முடித்த ஃபைல்கள் எல்லாம் திறந்தபடியே வரிசையாகக் கிடந்தன. லினக்ஸில் ஒரு ப்ராசஸுக்குப் பெரும்பாலும் 1024தான் வரம்பு. எண்ணிக்கை அதைத் தொட்டதும் மறுபடி அதே எரர்.

வழக்கமான சிபைத்தான், ஓர் ஆப்ஜெக்டை எத்தனை இடத்தில் பிடித்திருக்கிறோம் என்று எண்ணிக்கொண்டே இருக்கும். எண்ணிக்கை பூஜ்யமானால் ஃபைல் அந்த நிமிஷமே மூடிவிடும். பைபையில் அப்படி இல்லை. பயன்படாத ஆப்ஜெக்டுகளை அள்ளும் கார்பேஜ் கலெக்டர் வரும்போதுதான் மூடும். அதுவும் மெமரியைத்தான் பார்க்கும், ஃபைல் எத்தனை திறந்திருக்கிறது என்பது அதன் கவலை இல்லை. ஆக, இரண்டு வருஷமாக என் சோம்பலை சிபைத்தான் மூடி மறைத்திருக்கிறது. பிளாக் முடிந்ததும் ஃபைலைத் தானே மூடிவிடும் வித், 2006இல் வந்த 2.5 பதிப்பிலிருந்தே இருக்கிறது. திருத்தம் இரண்டே வரி.

உங்களுக்கும் இப்படி நடந்திருந்தால் எழுதுங்கள்.

இரவுப்பணி:

எனக்கு இதே எரர், கோ மொழியில். நான் உங்களைப்போல் சோம்பல்படவில்லை, திறந்த அடுத்த வரியிலேயே டிஃபர் க்ளோஸ் ('பிறகு மூடு') போட்டிருந்தேன்! ஆனால் அது ஃபார் லூப்புக்குள் இருந்தது. டிஃபர் ஓடுவது ஃபங்ஷன் முடியும்போது, லூப்பின் ஒரு சுற்று முடியும்போது அல்ல. சி++ பழக்கத்தில் அடைப்புக்குறி மூடினால் எல்லாம் மூடும் என்று நினைத்துவிட்டேன். லூப்பின் உடலைத் தனி ஃபங்ஷனாகப் பிரித்தேன், சரியானது.

வெற்றுச்சுட்டி:

என்னுடையது தலைகீழ். தாமதமாக மூடவில்லை, சீக்கிரமே மூடிவிட்டது.

ரஸ்டில், ஒரே சமயத்தில் ஓடும் பல த்ரெட்கள் ஒரே ஃபைலில் எழுதும். நடுவில், ஒரு நேரத்தில் ஒரு த்ரெட்டை மட்டும் விடும் மியூடெக்ஸ், உள்ளே டேட்டா எதுவும் இல்லாத வெற்றுப் பூட்டு. கார்டு என்ற மாறியில் பூட்டைப் பிடித்தேன். அந்த மாறியை எங்கும் பயன்படுத்தவில்லையே என்று கம்பைலர் எச்சரித்தது. சரி, வாயை அடைப்போம் என்று பெயரை எடுத்துவிட்டு வெறும் அடிக்கோடு போட்டேன். எச்சரிக்கை போனது, கூடவே பூட்டும் போனது. அடிக்கோட்டுக்குப் பின் ஒரு பெயர் இருந்தால் அது மாறி, அதன் ஸ்கோப், அதாவது அது இருக்கும் அடைப்புக்குறி, முடியும்வரை உயிரோடு இருக்கும். வெறும் அடிக்கோடு எதையும் பிடித்துவைக்காது. பூட்டு அந்த வரியிலேயே பூட்டி அந்த வரியிலேயே திறந்துவிட்டது.

அவுட்புட்டில் ஒரு வரியின் பாதியில் இன்னொரு த்ரெட்டின் வரி புகுந்திருக்கும். அதுவும் லோடு ஏறும்போது மட்டும். மூன்று நாள் தேடினேன், டிஸ்க்கைக்கூடச் சந்தேகப்பட்டேன், அந்த அடிக்கோட்டை மட்டும் பார்க்கவில்லை. இப்போது கம்பைலரே இதை எரர் என்று நிறுத்துகிறது. என்னைப்போல் நிறையப் பேர் விழுந்திருப்பார்கள் போல. சி++இல் பூட்டைப் பிடிக்கும் லாக் கார்டுக்குப் பெயர் வைக்க மறந்தாலும் இதே கதைதான்.

பழையகணினி:

நீங்கள் எல்லாரும் எப்போது மூடும் என்கிறீர்கள். என் கதை, மூடும்போதே தோற்றால் என்ன என்பது. ரஸ்டில், எழுதுவதைச் சேர்த்துவைத்து மொத்தமாக எழுதும் பஃப்ரைட்டர் வைத்து ரிப்போர்ட் ஒன்று எழுதினேன். ஸ்கோப் முடிந்ததும் மிச்சத்தை அதுவே எழுதிவிடும், நான் ஒன்றும் செய்ய வேண்டாம். உண்மைதான். ஆனால் அந்தக் கடைசி எழுத்தில் எரர் வந்தால் அதைச் சத்தமில்லாமல் விழுங்கிவிடும். டிஸ்க் நிறைந்திருந்தது. ப்ரோகிராம் 'முடிந்தது' என்று சொல்லிவிட்டுப் போனது. ஃபைலின் வால் பகுதி இல்லை.

சி++இலும், ஆப்ஜெக்ட் அழியும்போது ஓடும் டிஸ்ட்ரக்டரிலிருந்து எக்ஸெப்ஷன் வீச முடியாத நிலைதான். சி++11 முதல், வேறு மாதிரி சொல்லாவிட்டால், வீசினால் ப்ரோகிராமே நின்றுவிடும். ஆக மூடுவதை மொழியிடம் விட்டாலும், மிச்சத்தை எழுதும் ஃப்ளஷை இப்போது நானே கூப்பிட்டு விடையைப் பார்க்கிறேன்.

அரைப்புள்ளி:

பழையகணினி சொன்னது எனக்குத் தோன்றவே இல்லை. இந்த ஒரு இடத்தில் ஜாவா பரவாயில்லை. 2011இல் ஜாவா 7 கொண்டுவந்த ட்ரை-வித்-ரிசோர்ஸஸில் (பைத்தானின் வித் மாதிரி), மூடும்போது எரர் வந்தால் அது வெளியே வரும். உள்ளே ஏற்கெனவே வேறு எரர் வந்திருந்தால் இதை அதனோடு ஒட்டி வைக்கும், தொலைக்காது. கார்பேஜ் கலெக்டர் அள்ளும்போது ஓடும் ஃபைனலைஸ் கதையை மட்டும் யாரும் கிளறாதீர்கள், ஜாவா 9லேயே அதைக் கைவிடச் சொல்லிவிட்டார்கள்.

போய் என் வித் பிளாக்குகளில் எழுதுகிற ஃபைல்கள் எத்தனை என்று பார்த்தேன். பதினொன்று. ஒன்றில், ப்ளாக் முடிவதற்கு முன்பே 'சேமித்தாயிற்று' என்று பிரிண்ட் பண்ணியிருக்கிறேன்.