ஒளிர வேண்டிய ஈ.கோலை இருட்டாகவே இருக்கிறது, உதவி தேவை

பால்மரத்தடி:
வணக்கம். இறுதியாண்டு ஆய்வில் மாட்டிக்கொண்டு விழிக்கிறேன். விடுமுறைக்கு மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்து வீட்டுக்கு வந்திருக்கிறேன். இங்கே இரவில்தான் லைன் கிடைக்கும், பதில் தாமதமானால் கோபிக்காதீர்கள்.

பச்சையாக ஒளிரும் ஜிஎஃப்பி புரதத்தின் முன்னால் பெல்பி என்ற அடையாளத் தொடரை (புரதம் எங்கே போக வேண்டும் என்று சொல்லும் முகவரிச் சீட்டு, சவ்வைத் தாண்டியதும் வெட்டப்படும்) ஒட்டி ஈ.கோலை பாக்டீரியாவுக்குள் விட்டேன். புரதம் உள்சவ்வைத் தாண்டி, இரண்டு சவ்வுகளுக்கும் நடுவே உள்ள இடைவெளிக்குப் போக வேண்டும். தொடர் இல்லாத ஜிஎஃப்பி ஜம்மென்று ஒளிர்கிறது. ஒட்டியது இருட்டு. மரபணு வரிசையை இரண்டு முறை பார்த்தாயிற்று, பிழை இல்லை. 37 பாகையிலிருந்து 25க்கு இறக்கியும் பார்த்தேன்.

பக்கத்து மேசை அக்கா ஈஸ்டில் இதே வேலையைச் செய்கிறார். அவருடைய ஜிஎஃப்பி ஈஸ்ட் செல்லுக்குள் இருக்கும் எண்டோபிளாச வலை என்ற சவ்வு அறைக்குள் போய் அழகாக ஒளிர்கிறது. புரதம் சவ்வைத் தாண்டுவது இரண்டிலும் ஒரே குடும்பத்துக் கால்வாய் வழியாகத்தானே?

இரவுப்பள்ளி:
முதலில் ஒன்று சொல்லுங்கள். புரதம் அங்கே போகவில்லையா, போயும் ஒளிரவில்லையா? வெளிச்சத்தை மட்டும் பார்த்து இதைச் சொல்ல முடியாது. இடைவெளிச் சாற்றைத் தனியே பிரித்து குறிப்பிட்ட புரதம் இருக்கிறதா, எந்த அளவில் என்று பட்டையாகக் காட்டும் வெஸ்டர்ன் பிளாட் சோதனை போடுங்கள்.

என் ஊகம், போயிருக்கிறது. ஈ.கோலையின் செக் கால்வாய் குறுகலானது. மடிந்த புரதம் அதில் நுழையாது, நூல் ஊசிக்காதில் நுழைவதுபோல் நீட்டமாகத்தான் போகும். செக்ஏ என்ற மோட்டார் புரதம், செல்லின் ஆற்றல் மூலக்கூறான ஏடிபியைச் செலவழித்துப் பின்னாலிருந்து தள்ளும். ஜிஎஃப்பியோ பீப்பாய் வடிவில் சரியாக மடிந்தால்தான் உள்ளே ஒளிரும் பகுதி உருவாகும். அந்த இடைவெளியில் அது தவறாக மடிந்துவிடுகிறது. உங்கள் குளோனிங் மேல் பழி போடாதீர்கள்.

கொட்டகைக்காரன்:
எனக்கு உயிரியல் அவ்வளவாகத் தெரியாது, ரப்பர் தோட்டத்தில் பால் கொட்டகையில் ரப்பர் பாலை நிறுத்துக் கொடுத்தவன். வழியிலேயே கட்டிப் போகாமல் இருக்கப் பாலில் அமோனியா ஊற்றுவோம். கட்டிப்போன பாலை எந்தக் குழாயிலும் விட முடியாது. உங்கள் புரதத்துக்கும் அப்படி ஒன்று உண்டா தங்கச்சி?

இரவுப்பள்ளி:
ஐயா, அதுவேதான்! செக்பி என்ற துணைப்புரதம் பல புரதங்களை மடியவிடாமல் பிடித்துக்கொண்டு செக்ஏ-விடம் ஒப்படைக்கிறது. ஒரே வித்தியாசம், புரதம் மறுபக்கம் போனதும் சரியாக மடிந்தாக வேண்டும். ஈஸ்டில் புரதம் போய்ச் சேரும் இடமே வேறு. எண்டோபிளாச வலைக்குள் ஏடிபி உண்டு, புரதத்தைப் பிடித்து மடிக்க உதவும் கார்2 போன்ற துணைப்புரதங்களும் உண்டு. பாக்டீரியாவின் இடைவெளியில் ஏடிபியே கிடையாது. கால்வாய் ஒரே குடும்பம்தான், ஈ.கோலையில் செக்ஒய், ஈஸ்டிலும் நம்மிடமும் செக்61. பாக்டீரியா போன்ற வேறொரு நுண்ணுயிர்க் கூட்டமான ஆர்க்கியாவில்கூட இந்தக் கால்வாய் இருக்கிறது, ஆனால் அங்கே செக்ஏ இல்லை. 1999இல் குந்தர் புளோபெல் நோபல் வாங்கியதும் இந்த அடையாளத் தொடர் விஷயத்துக்காகத்தான்.

பால்மரத்தடி:
அப்படியானால் என்னால் ஒளிர வைக்கவே முடியாதா? இன்னும் மூன்று வாரத்தில் சமர்ப்பிக்க வேண்டும்.

செம்பனைக்காரி:
முடியும். செக் அல்லாத இன்னொரு கடத்தல் பாதையான டாட் வழியில் அனுப்புங்கள், மடிந்த புரதத்தை அப்படியே கொண்டுபோவது அதுதான். அதற்கான டோர்ஏ அடையாளத் தொடரை ஒட்டினால் ஜிஎஃப்பி செல்லின் உள்ளேயே மடிந்து, ஒளிர்ந்துகொண்டே தாண்டும். செடிகளின் பசுங்கணிகத்திலும் இதே வழி உண்டு. ஒரு தொல்லை, டாட் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கடத்தும். நிறைய உற்பத்தி செய்தால் பாதி உள்ளேயே தேங்கி, வெளிச்சம் உங்களை ஏமாற்றும். புரத உற்பத்தியைத் தொடங்கி வைக்கும் தூண்டியைக் குறைத்துப் போடுங்கள்.

இன்னொரு வழி, எளிதாக மடியும்படி மாற்றிய சூப்பர்ஃபோல்டர் ஜிஎஃப்பி. இதற்கு பெல்பி வேண்டாம், டிஎஸ்பிஏ என்ற அடையாளத் தொடரை ஒட்டுங்கள். அது எஸ்ஆர்பி என்ற வழியில், புரதம் செல்லின் புரதத் தொழிற்சாலையான ரைபோசோமில் உருவாகும்போதே கடத்தப்படும், உள்ளே மடிய நேரமே கிடைக்காது. நேரம் குறைவு என்றால் நான் இதைத்தான் செய்வேன். ஜிஎஃப்பிதான் வேண்டும் என்று கட்டாயம் இல்லையென்றால் எம்செர்ரி என்ற சிவப்பு ஒளிர் புரதம் போதும், அது அந்த இடைவெளியிலும் மடிந்து சிவப்பாகத் தெரியும்.

பால்மரத்தடி (இரண்டு வாரம் கழித்து):
பிளாட் போட்டோம். இடைவெளிச் சாற்றில் பட்டை தெரிகிறது, ஒட்டியதைவிடச் சற்றுச் சிறியது. அடையாளத் தொடர் வெட்டுப்பட்டிருக்கிறது, அதாவது போய்த்தான் இருக்கிறது! எம்செர்ரி குளோனை மேற்பார்வையாளர் ஃப்ரீசரிலிருந்து எடுத்துக் கொடுத்தார். நேற்று சிவந்தது. கொட்டகைக்கார ஐயா, உங்கள் அமோனியாவை விளக்கவுரையில் போடலாமா?

கொட்டகைக்காரன்:
போடுங்கள் தங்கச்சி. எவ்வளவு ஊற்றுவோம் என்று மட்டும் கேட்காதீர்கள், கிராணி (தோட்டக் கணக்கர்) சொன்ன அளவுதான்.